சேவலும் பேரீச்சங்கொட்டையும்

கொக்கரக்கோ.

கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. ஊருக்கெல்லாம் விடிந்து, வெயிலும் ஏறி, யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் எனக்காக மட்டும் கூவுகிற சேவல் அது.

ஜெக்கரியா பாயின் பேரீச்சம்பழக் கொட்டகையில் நான் இராக்காவல். நன்னிலமே குறட்டை விடும்போது நான் விழித்திருக்கிறேன். ஆகவே பகல் தூக்கம் எனக்குச் சோம்பல் அல்ல, உத்தியோகத்தின் பாதி. என் மனைவி அம்சத்துக்கு மட்டும் இது புரிவதில்லை.

"அம்சம், அந்தச் சேவலை வித்துரு."

"வித்துட்டு? இத்தனை கோழியும் விதவையா நிக்கவா?"

"எனக்குத் தூக்கமே வரல."

"தவிடு விக்கிற விலைக்கு எனக்குந்தான் வரல. முதல்ல தீனிக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் சேவலைப் பத்திப் பேசுவோம்."

அந்த நிமிடமே சபதம் எடுத்தேன். கொட்டகையில் பழத்தைக் கொட்டை நீக்கிப் பொட்டலம் போடுவார்கள். நசுங்கியதைப் பாகு காய்ச்சுவார்கள். கொட்டையும் சக்கையும் குழிக்குப் போகும். பாயிடம் கேட்டேன்.

"தாராளமா அள்ளிட்டுப் போங்க இராஜாங்கம். குழி வெட்டுற வேலை மிச்சம்."

முதல் நாள் கொட்டையை அப்படியே வீசினேன். கோழிகள் கொத்திப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. அது அப்படியே அம்சத்தின் பார்வை.

"கோழிக்குப் பல்லா இருக்கு?" என்றாள் அவள்.

விடுவேனா? காவல் நேரமெல்லாம் ஃபோனில் படித்துத் தேறினேன். கொட்டையை நாள்கணக்கில் ஊறவைத்தேன். உரலில் போட்டு இடித்தேன். சக்கையோடு வெயிலில் உலர்த்தி, தவிட்டில் அளவாகக் கலந்தேன். அளவு மீறினால் கோழிக்குக் கழியும்.

பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, யாரு வீட்டு வளைகாப்புக்கு மாவு இடிக்கிறீங்க?"

சிரிக்கட்டும். கோழிகள் தட்டைத் துடைத்து வைத்தன. முட்டை குறையவில்லை. தவிட்டு மூட்டை இளைக்க மறுத்தது. சேவலுக்கு மட்டும் குரல் கூடிப்போனது. முன்பு தெருமுனை வரை கேட்டது, இப்போது வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்றுப் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இருக்கட்டும், போகப்போகிற சேவல்தானே. மீசையைத் தடவிக்கொண்டு அம்சத்திடம் போனேன்.

"தீனிக்கு வழி பண்ணிட்டேன். சேவல்?"

"பேசுவோம்னுதானே சொன்னேன்? பேசுறேன். அது மதுரைவீரனுக்கு நேர்ந்துவிட்டது. விக்கக் கூடாது, நாமளா அறுத்துத் திங்கவும் கூடாது."

"எப்ப நேர்ந்த?"

"நீங்க ராத்திரி வேலைக்குப் போன புதுசுல."

நானா அசருவேன்? "அவ்வளவுதானே. வர்ற வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்க் கடனைச் செலுத்திரலாம்."

"வேண்டிக்கிட்டது நடக்காம எப்படிங்க செலுத்துறது? சாமி குத்தமாயிடும்."

"அப்படி என்னதான் வேண்டிக்கிட்ட?"

அம்சம் முறத்திலிருந்த குறுநொய்யை நிதானமாகப் புடைத்தாள்.

"உங்களுக்குப் பகல்ல நல்லாத் தூக்கம் வரணும்னு."

ஜன்னலுக்குக் கீழே அது மறுபடி கூவியது. வாளியில் கொட்டை ஊறிக் கிடந்தது. தண்ணீரை வடித்துவிட்டு உலக்கையை எடுத்தேன்.