மூன்று கோபுரக் கொடி

லண்டன் தமிழரில் போர்த்துக்கேயரை இன்னும் மன்னிக்காதவர் ஒருவர்தான். அவர்களுடைய கொடிகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவரும் அவரேதான். கோலியர்ஸ் வுட்டில் கோபுரத்தார் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகமிருந்ததா என்பது சந்தேகம்.

இங்கே வருமுன் லிஸ்பனில் கொடி தைக்கும் கடையொன்றில் வேலை செய்தவர். அங்கே பிடித்த பைத்தியம். வரவேற்பறை முழுக்க லுவாண்டா, பெய்ரா, டிலி என்று போர்த்துக்கேயர் ஆண்ட ஊர்களின் பழைய நகரசபைக் கொடிகள். இடமில்லாமல் தொலைக்காட்சி குசினி அடுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஒவ்வொரு கொடியிலும் உள்ள சின்னத்தின் உச்சியில் மதில் மாதிரி ஒரு கிரீடம் இருக்கும். நகரமென்றால் அதில் ஐந்து கோபுரம், சிறு பட்டணத்துக்கு நான்கு, கிராமத்துக்கு மூன்று. நானூறு வருடத்துக்கு முன் எங்கள் ஊர்க் கோயில்களை இடித்தவர்களின் கொடி உங்களுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"இடிச்சவன் வேறை தம்பி, இந்தப் படம் கீறினவன் வேறை," என்றார்.

யார் வீட்டுக்குப் போனாலும் மார்க் போடுகிற மாதிரிக் கோபுரம் போடுவார். புதுவீட்டுக் குடிபூரலில் பாயசத்தைக் குடித்துவிட்டு, "மூண்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஹரோவில் பெரிய வீடு வாங்கிய டொக்டர் ஒருவர் அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் ஊர்ச் சங்கமும் பக்கத்து ஊர்ச் சங்கமும் சேர்ந்து இங்கே நடத்தும் விளையாட்டு விழாவில் தான் தைத்த கொடி பறக்க வேண்டும். பனையும் கிணறும் போட்டு, மேலே மூன்று கோபுரம் வைத்துத் தைத்து வந்தார். எங்கள் சங்கத் தலைவர் முகம் சுளித்தார். பக்கத்து ஊர்க்காரர் இவரைப் பார்த்துத் தாங்களும் ஐந்து கோபுரத்தோடு கொடி அடித்துவிட்டார்களாம். நமக்கும் ஐந்து வேண்டும், இல்லாவிட்டால் கொடியே வேண்டாம் என்றார்.

"கிராமத்துக்கு மூண்டுதான். நாலெண்டாலும் பொய்," என்றார் கோபுரத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

விழாவன்று எங்கள் கம்பம் மொட்டையாக நின்றது. மனிதர் கொடியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்ச் செயலாளர் வந்து, உங்கள் கொடி எங்கே என்று நக்கலாகக் கேட்டார்.

கோபுரத்தார் எழும்பினார். "அஞ்சு கோபுரமெண்டால் நகரம். உங்கட பஸ் ஸ்டாண்ட் எங்கை இருக்கு?"

அந்த ஊருக்கு பஸ்ஸே போவதில்லை என்பது மைதானம் முழுக்கத் தெரியும். முதலில் சிரித்தவர் எங்கள் தலைவர். சிரித்த வாயோடு ஓடிவந்து, மூன்று கோபுரத்தோடேயே ஏற்றச் சொன்னார். கொடி ஏறியபோது கோபுரத்தார் கண்ணைத் துடைத்தார். கேட்டால் காற்றாம்.

போன மாரியில் எனக்கு வேலை போய், வீடும் போய், அப்டன் பார்க்கில் ஒற்றை அறைக்கு மாறினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கோபுரத்தார் மட்டும் ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தார். ஈரம் பிடித்த சுவரைப் பார்த்தார். கோபுரக் கணக்கைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பையிலிருந்து ஒரு சின்னக் கொடியை எடுத்துத் தந்தார். ஐந்து கோபுரம்.

"அண்ணை, இது பொய்யெல்லோ?"

"ஓம்," என்றார். "ஆணி இருக்கோ?"

இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. காலையில் அந்தப் பொய்யை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.