வாசல் பக்கம், உள் பக்கம்

"அஞ்சே நிமிஷம். படம் கையில இருக்கும்" என்று மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், மாமியாரின் அழுகை சட்டென்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லும்மா."

மாமியார் எப்போதுமே மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதில்லை. மகள் வழியாகத்தான்.

"இதுல என்ன சிரமம் அத்தை?" என்றார் மாப்பிள்ளை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. "வீட்டுல ஒரு ஆம்பளை எதுக்கு இருக்கேன்?"

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் மாமனார் படுத்திருந்தார். விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவர், சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். இருந்தவரை யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர். மதியம் தாண்டி வண்டி வந்துவிடும். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும்.

ஏதோ ஒரு படம் என்றால் கவலையே இல்லை. மாமனார் வேலையில் இருந்த காலமெல்லாம் நிலம் அளந்த சர்வேயர். கேமராவைக் கண்டால் முகம் எல்லைக்கல்லாகிவிடும். கல்யாணப் படத்திலும் அதே முகம்தான். அடையாள அட்டையில் இருப்பதையோ கேட்கவே வேண்டாம். கீழே 'இவரைக் கண்டால் தகவல் தரவும்' என்று எழுதாத குறை. வாழ்நாளில் ஒரே ஒரு படத்தில் மனுஷன் வாய்விட்டுச் சிரித்திருந்தார். அது இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"அந்தச் சிரிச்ச படத்தை வெச்சாப் போதும்" என்றுதான் மாமியார் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "வர்றவங்க கடைசியா அவரை அப்படிப் பாத்துட்டுப் போகட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மாப்பிள்ளைக்குக் குளியலறைக் குழாய் விற்கும் கடையில் மேலாளர் வேலை. கடைக் கம்ப்யூட்டரில் தினமும் ரசீது போடுகிறவர் என்பதால் கம்ப்யூட்டர் என்றாலே தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. கம்ப்யூட்டர் மட்டுமா? மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையில் ஸ்க்ரூ டிரைவரோடுதான் வருவார். அவர் சரிசெய்த அழைப்பு மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. அவர் சரிசெய்த தாழ்ப்பாளால் மாமியார் ஒரு மத்தியானம் முழுக்க மாடியில் சிறையிருந்தாள். ஒவ்வொரு தடவையும் மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கை வெச்சா அது தனிதான்" என்பார். மாப்பிள்ளை அதைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொள்வார்.

கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார். திரை வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டது: எந்தப் பக்கம்?

ஆமாம், அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கம். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். நடுவில் கோடு கிழித்தாற்போல ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்வேயர் வைத்த பெயர்கள்: வாசல் பக்கம், உள் பக்கம். வாசல் பக்கத்தில் இன்டர்நெட், விளையாட்டு, வந்தவர் போனவர் கொண்டுவரும் பென் டிரைவ் எல்லாம். உள் பக்கத்தில் குடும்பப் படங்கள். அங்கே மாமனார் ஒருவர்தான் போவார்.

"வெளித் தூசியெல்லாம் வாசலோட நிக்கணும் மாப்பிள்ளை. வைரஸ் கண்ணுக்குத் தெரியாது பாருங்க" என்று பிரித்த அன்றைக்கே விளக்கியிருந்தார். "வாசல் பக்கத்துல நீங்க தாராளமா என்ன வேணும்னாலும் பண்ணுங்க. உங்க வீடு மாதிரி. அந்தப் பக்கம் மட்டும் நான் பாத்துக்கறேன்."

பாவம், வயசானவர், வைரஸ் என்றால் இவ்வளவு பயமா என்று மாப்பிள்ளை அப்போதே பரிதாபப்பட்டார். போகிற இடமெல்லாம் சொல்லியும் சிரித்தார்.

இப்போது உள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். பாஸ்வேர்ட் கேட்டது.

"அத்தை பிறந்த நாள் என்ன?"

மனைவி சொன்னாள். இல்லை என்றது.

"என் பேரைப் போட்டுப் பாத்தாரான்னு கேளு" என்று ஹாலிலிருந்து மாமியாரின் குரல்.

போட்டார். அதுவும் இல்லை.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, என் பேரு கூட இல்லையா?" மாமியாருக்கு அழுவதற்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்தது. வீட்டு எண், மாற்றலாகிப் போன ஊர்கள், மகளின் செல்லப் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் உள் பக்கம் கதவை ஒரேயடியாகச் சாத்திக்கொண்டது.

மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, கடைவீதி ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடலாமா? அப்பா அவர்கிட்ட அடிக்கடி போவாரு. கம்ப்யூட்டரும் பாப்பாராம்."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், வெளியாளைக் கூப்பிடணுமா? மாமா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பாரா?"

மனைவி ஐஸ் பெட்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

முன்கதவு பூட்டியிருந்தால் என்ன, ஜன்னல் இருக்கிறதே! வாசல் பக்கம் வழியாக உள்ளே நுழைந்து, அங்கிருந்து உள் பக்கத்தை எட்டிப் பார்க்க இன்டர்நெட்டில் ஒரு புரோகிராம் தேடினார். 'பூட்டியதைத் திறப்போம், முற்றிலும் இலவசம்' என்று ஒன்று பல்லைக் காட்டியது. இறக்கினார். அனுமதி கேட்டதற்கெல்லாம் ஆம், ஆம் என்று அழுத்தினார்.

மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் கம்ப்யூட்டருக்குப் பெரிய ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வைத்திருந்தார். தூரத்து உறவில் ஒரு அத்தை அப்போதுதான் உள்ளே வந்து, "இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களேண்ணே" என்று ஐஸ் பெட்டிமேல் விழுந்தாள்.

"வாழ்த்துகள்!" என்று ஒரு பெண் குரல் வீடு அதிரக் கூவியது. "இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கதான்!"

அத்தை பாதி அழுகையில் வாயைத் திறந்தபடி நின்றாள். மாமனாரோடு நிலம் அளந்த பழைய நண்பர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"உங்கள் பரிசைப் பெற இங்கே அழுத்துங்கள்! வாழ்த்துகள்!"

"என்னங்க, நிறுத்துங்க அதை!"

"நிறுத்தறேன், நிறுத்தறேன்!" மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் பாய்ந்து, கைக்குக் கிடைத்த வயரைப் பிடுங்கினார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் நின்றது. பெண் குரல் மட்டும் நிற்கவில்லை.

"ஐயையோ! அப்பா பெட்டி நின்னுடுச்சு!"

ஹாலிலிருந்து இந்த அறைக்கு இழுத்திருந்த ஐஸ் பெட்டி வயரை மறுபடி சொருகி, ஸ்பீக்கர் வயரைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்குள், மாமனார் மூன்று தடவை அதிர்ஷ்டசாலியாகிவிட்டார். மாப்பிள்ளை மேஜைக்கு அடியிலிருந்து தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். தூரத்து அத்தை அவர் பக்கமே திரும்பாமல், பாதியில் விட்ட அழுகையைத் தொடர்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது.

திரை முழுக்க இப்போது சிவப்புக் கட்டங்கள். ஒன்றை மூடினால் ஒன்பது முளைத்தது.

"வைரஸ்" என்றார் மாப்பிள்ளை. "மாமா பயந்தது சரியாப் போச்சு."

"படத்துக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அது உள்ள இருக்கு. வைரஸ் வாசல்ல நிக்குது. இப்பவே அடிச்சு விரட்டிடறேன்."

கடையிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் ஒழிக்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. சொருகினார். அது ஒரு வருஷப் பழையது என்பதும், கடையில் அது கடைசியாக ஒழித்தது ரசீது போடும் புரோகிராமைத்தான் என்பதும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. புரோகிராம் வேகமாக ஓடி, சந்தேகப்பட்டதையெல்லாம் துடைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னது. அணைத்துப் போட்டார்.

இந்தத் தடவை கேள்வி வரவில்லை. நேராக வாசல் பக்கம் வந்து நின்றது.

"எந்தப் பக்கம்னு கேக்குமே?" என்றாள் மனைவி.

"கேக்கல."

"அப்போ உள் பக்கம்?"

"இருக்கு, இருக்கு. வழிதான் அடைபட்டிருக்கு." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வைரஸுக்கு எதுவுமே ஆகவில்லை. சிவப்புக் கட்டங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. அவற்றின் நடுவில் புதிதாக ஒரு கட்டம்: 'ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை. சரிசெய்யவா?'

விரலை வைத்தவர் எடுத்துவிட்டார். அவ்வளவு முட்டாளில்லை. இதற்கு மேல் தொடக் கூடாது, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுவிடலாம் என்று எழுந்திருக்கப் போனார், நிஜமாகவே போனார். அந்த நேரம் பார்த்து மாமியார் அறை வாசலில் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"மாப்பிள்ளை, அந்தப் படம் ஒண்ணு போதும். எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க."

எழுந்திருக்கப் போனவர் உட்கார்ந்தார். இதற்குப் பிறகு, என்னால் ஆகாது என்று எப்படிச் சொல்வது? 'ஆம்' என்பதை அழுத்தினார்.

பச்சைக் கோடு ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. 'சரிசெய்யப்பட்டது' என்றது திரை. அந்தப் பகுதியை இப்போது தாராளமாகத் திறக்க முடிந்தது. உள்ளே கழுவித் துடைத்த தரைபோல இருந்தது. சிரித்த படம் இல்லை. கல்யாணப் படம் இல்லை. மனைவி பாவாடை சட்டையில் நின்ற படம் இல்லை.

"வைரஸ் போயிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"அந்தப் பக்கம் சுத்தமாயிடுச்சு" என்றார். பொய் சொல்லவில்லை.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"விடிகாலையில அப்பா போனாரு" என்றாள். "இப்ப மிச்சமும் போச்சு. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மாப்பிள்ளை சொல்லவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து மாமனாரின் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹாலில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தெருவில் இறங்கினார். வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை. இந்தத் திருட்டு முழிப் படத்தைப் பெரிசாக்கிக் கொண்டுபோய் அந்த அம்மாள் முன்னால் எந்த மூஞ்சியோடு வைப்பது? மாமனாரையும் நினைத்துக்கொண்டார். எத்தனை தடவை சொல்லியிருப்பார், வைரஸ் கண்ணுக்குத் தெரியாது மாப்பிள்ளை என்று! நான்தான் கேலி பண்ணினேன். ஆயிரம் இருந்தாலும் பெரியவங்க பெரியவங்கதான்.

ஸ்டூடியோவில் கூட்டம் இல்லை. பழைய கேமராக்களுக்கும் வாய் பிளந்து கிடந்த கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கேள்விப்பட்டேன். கடையைச் சாத்திட்டு வரலாம்னுதான் இருந்தேன். நல்ல மனுஷன்."

மாப்பிள்ளை அட்டையை நீட்டினார். "இதைக் கொஞ்சம் பெரிசாப் போட்டு..."

ஸ்டூடியோக்காரர் அட்டையை வாங்கவே இல்லை. அலமாரிமேல் ஏறித் துழாவி, காக்கித் தாள் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றை இறக்கினார். தாளைப் பிரித்தார்.

மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாயெல்லாம் பல்லாக, கண்ணில் தண்ணீர் தளும்ப, தலையெல்லாம் ஒட்டடையும் தூசியுமாக. படத்தின் ஓரத்தில் ஓர் ஏணிக் காலும் ஒரு பேண்ட் காலும் தெரிந்தன. அந்தப் பேண்ட் மாப்பிள்ளையுடையது. மின்விசிறியை அவர் சரிசெய்த அன்று, ஸ்விட்சைப் போட்டதும் வாசல் கேட் மோட்டார் ஓட, விசிறி மட்டும் அப்படியே கழன்று கட்டிலில் விழுந்ததே, அப்போது மனைவி வீட்டுக் கேமராவில் எடுத்த படம்.

"போன மாசமே பெரிசாப் போட்டுச் சட்டம் மாட்டி வெக்கச் சொல்லிட்டாரு" என்றார் ஸ்டூடியோக்காரர். "'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மாப்பிள்ளை இங்க வருவாரு. ஒண்ணும் கேக்காம அவர் கையில குடுத்துடுங்க, அவர் கையாலேயே வீட்டுக்குப் போகட்டும்'னாரு. மத்த படமெல்லாமும் ஒரு நகல் என்கிட்ட இருக்கு. நீங்க ஊருக்கு வர்றதா இருந்தா முதல் நாளே வந்து எடுத்து வெச்சுட்டுப் போவாரு."

மாப்பிள்ளை சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் கண்ணாடிமேல் சொட்டியது.

"என்ன முன்யோசனை பாருங்க!" என்றார் தழுதழுத்து. "இன்னிக்கு வைரஸ் வந்து எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிடுச்சுங்க. அவர் பயந்த மாதிரியே. அந்த வைரஸுக்குப் பயந்துதானே பாவம், கம்ப்யூட்டரையே ரெண்டு பக்கமாப் பிரிச்சு வெச்சிருந்தாரு?"

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியில் விழுந்த கண்ணீரைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"பிரிச்சுக் குடுத்ததே நான்தாங்க. வைரஸ்னு ஒரு வார்த்தை அவர் சொல்லல. 'கம்ப்யூட்டரைத் தொடாதீங்கன்னு வீட்டு மாப்பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது, மனசு நோகும். அவருக்குன்னு தனியா ஒரு பக்கம் போட்டுக் குடுத்துடுங்க'ன்னாரு."