ரெண்டு மாத்திரை போதும், டீச்சர்!

புதுக்கோட்டையில் காய்ச்சலோடு எங்கள் பஸ்ஸில் ஏறியவர் திருமயத்தில் காய்ச்சலோடு இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது. கேப்சூல் அண்ணன் இறங்க விடமாட்டார். மற்ற கண்டக்டர்கள் "எங்க இறங்கணும்?" என்று கேட்பார்கள். இவர் ஒரே மூச்சில், "எங்க இறங்கணும், எங்க வலிக்குது?" என்று கேட்பார். இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் டிக்கெட்.

நான் திருமயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு புதுக்கோட்டையில், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். காலையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்து பிடிக்கிற தனியார் பஸ் அது. பெயரைச் சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வார். கிளிப்பச்சை நிறம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கண்டக்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது முதலாளிக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும்தான் தெரியும்.

டிக்கெட் மெஷின் வந்த பிறகு அவருடைய தோல்பையில் டிக்கெட் கட்டு வைக்கிற பின்னறை காலியானது. ஒரு இடம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. பஸ்ஸில்கூட இரண்டு பேர் சீட்டில் மூன்று பேரை உட்கார வைப்பார். அந்தப் பின்னறையில் மாத்திரை குடியேறியது. யாருக்கோ காய்ச்சல் விட்டபின் மிஞ்சிய நாலு, யாருக்கோ பல் பிடுங்கிய பின் மிஞ்சிய மூன்று, பிரசவத்துக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த அரை அட்டை என்று ஊர் மிச்சமெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. முன்னறையில் கைவிட்டுச் சில்லறை தருவார், பின்னறையில் கைவிட்டு மாத்திரை தருவார். அவசரத்தில் கை மாறிப் போய், ஐந்து ரூபாய் பாக்கிக்குப் பதில் கேப்சூல் வாங்கிக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு.

வைத்தியத்தில் அவருக்கு ஒரே சட்டம். "ரெண்டு போதும். மூணாவது போட்டா ஒடம்பு பழகிரும்." நான் ஒருமுறை தொண்டை வலிக்கு உண்மையான டாக்டரிடம் போய், ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தேன். இரண்டாம் நாளே குரல் சரியாகிவிட்டது. அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தொண்டை தெறந்துருச்சுல்ல டீச்சர்? மிச்சத்த இங்கிட்டுக் குடுங்க."

"டாக்டர் அஞ்சு நாள் சொல்லியிருக்காருண்ணே."

"அவரு சொல்லுவாரு. ரெண்டு மாத்திரை போதும், டீச்சர்! பொன்னமராவதிக்காரப் பிள்ளை ஒண்ணு தொண்டையக் கட்டிக்கிட்டுப் பின் சீட்டுல ஒக்காந்திருக்கு. மனசாட்சி வேணாமா?"

மனசாட்சி என்று சொல்லிவிட்டால் டீச்சர் என்ன செய்வாள்? கொடுத்துவிட்டேன்.

விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் சுணங்கிப் போன ஆட்டுக்குட்டியோடு ஏறினார். குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட்டும் அரைக் கேப்சூலும் சேர்ந்தே கிடைத்தன. மறுவாரம் அந்தக் குட்டி துள்ளிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அன்று முழுக்க அவர் விசில் அடித்த தோரணையே வேறு.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாராவது புதிதாக ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், நமணசமுத்திரம் ஸ்டாப்பில் அதிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். வாரத்தில் மூன்று நாளாவது இது நடக்கும். பாவம், மனுஷனுக்கு உள்ளுக்குள் ஏதோ வியாதி, சொல்லாமல் மறைக்கிறார் என்று முன் சீட்டுக்காரர்கள் நாங்கள் கூடிப் பேசி உச்சுக்கொட்டுவோம். ஏன் அப்படிச் செய்தார் என்று ரொம்பப் பிந்தித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

எல்லாம் ஒரு கட்டியில் ஆரம்பித்தது. தோல்பையின் வார் உரசுகிற இடத்தில், இடது தோளில், சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று கிளம்பியது. இரண்டு சிவப்பு மாத்திரை போட்டார். அமுங்குவது போல அமுங்கி மறுபடி வந்தது. இரண்டு மஞ்சள் போட்டார். அடுத்த வாரம் டிரைவர் செபஸ்தியான் அண்ணன் முழங்கையில் அதே மாதிரி ஒன்று. செபஸ்தியான் அண்ணன் பயந்த சுபாவம். நேரே டாக்டரிடம் போய்க் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தார். "நீயும் வாய்யா" என்று கூப்பிட்டதற்கு, "நானே டாக்டரு, எனக்கு எதுக்கு டாக்டரு" என்று கேப்சூல் அண்ணன் சிரித்தார். எங்களுக்கும் அது பெரிய நகைச்சுவையாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் யாரையும் "எங்க வலிக்குது?" என்று கேட்கவில்லை. பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. நமணசமுத்திரம் தாண்டியதும் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர், வண்டியில ஏசி போட்டாப்புல இருக்கு" என்றார். எங்கள் பஸ்ஸில் பாதி ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. வெளியே வெயில் கொளுத்துகிறது. இவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. லேனாவிளக்கு ஸ்டாப் வருவதற்குள் பாதி உடம்பு என் மடியிலும் பாதி பக்கத்து ஆத்தாவின் கத்தரிக்காய்க் கூடையிலுமாகச் சரிந்து விழுந்தார்.

காலரை விலக்கிப் பார்த்தேன். தோள் முழுக்க வீங்கிச் சிவந்து, நடுவில் கறுத்திருந்தது. சிவப்பு கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. தொட்ட கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

செபஸ்தியான் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இது திருமயத்துல முடியாது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்க. வண்டியத் திருப்புறேன்" என்றார்.

நடு சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார். "யாரைக் கேட்டுத் திருப்புறீங்க? எனக்குப் பத்து மணிக்குப் பத்திரப் பதிவு இருக்கு!"

கத்தரிக்காய்க்கார ஆத்தா திரும்பினார். "ஏப்பா, போன மாசம் பல்லு வலின்னு இவருகிட்ட மாத்திரை வாங்கி முழுங்குனியே, அப்ப எங்க போச்சு ஒம் பத்திரம்? ஒக்காரு!"

அவர் உட்காரவில்லை. இறங்கிப் போய், ஹைவேயில் லாரிகளை இரண்டு கையாலும் மறித்து நின்று, "வா... வா... ஒடிச்சு வா" என்று பஸ்ஸைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் ஏறினார்.

இப்போது ஒரு சிக்கல். விசில் சத்தம் கேட்காமல் வண்டியை எடுத்தே செபஸ்தியான் அண்ணனுக்குப் பழக்கமில்லை. கியரில் கையை வைத்துக்கொண்டு தவிக்கிறார். "டீச்சர், ஒரு விசில் குடுங்க டீச்சர்!" என்று கத்தினார். மடியில் கிடந்தவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மூச்சைப் பிடித்து ஊதினேன். பஸ் பறந்தது. எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. வழியில் கை காட்டிய ஜனமெல்லாம் பின்னாலிருந்து திட்டியது. உள்ளே ஐம்பது பேர், ஒரு சத்தம் இல்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் விட்டு விட்டு.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். "பஸ்ஸெல்லாம் உள்ள வரக்கூடாது."

"பஸ்ஸு வரலப்பா, பேஷண்டு வருது. பஸ்ஸுக்குள்ள இருக்கு" என்றார் ஆத்தா. கேட் திறந்தது.

டாக்டர் ஒரு இளம்பெண். தோளைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், நடையில் வேகம் கூடியது. "இதுக்கு முன்னாடி என்னென்ன ஆண்டிபயாட்டிக் எடுத்திருக்கார்?" என்று கேட்டார். தோல்பையின் பின்னறையைத் திறந்து மேசையில் கவிழ்த்தேன். விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. முதலில் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு அட்டையாகப் புரட்டப் புரட்ட அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"என்ன இது, மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரா?"

"பஸ்ஸு வச்சிருக்காருங்க" என்றார் செபஸ்தியான் அண்ணன்.

தோளைக் கீறிச் சீழை எடுத்தார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும், அதுவரை அனுபவத்தில் தெரிந்ததைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் ரத்த அழுத்தம் இறங்கியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லித் தனி அறைக்கு மாற்றினார்கள். கையைக் கழுவாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. செபஸ்தியான் அண்ணன் முழங்கைக் கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளே போகத் தைரியம் இல்லாமல் வெளியிலேயே நின்றார்.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து தமிழரசி அக்கா ஓடி வந்தார். கேப்சூல் அண்ணனின் வீட்டுக்காரி. அழவில்லை. சுவரோடு சுவராக உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

ரிசல்ட் வந்த மத்தியானம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"இது ஸ்டாஃப்னு ஒரு கிருமி. நம்ம எல்லார் தோல்லயும் மூக்குலயும் சும்மா இருக்கிறதுதான். வழி கெடைச்சா உள்ள போகும், சாதாரண மருந்துலயே போயிரும். ஆனா இவருக்கு வந்தது மூர்க்கமான ஜாதி. சதையைக் கரைச்சுக்கிட்டே போகுது. மருந்துக்கும் அடங்க மாட்டேங்குது. நாங்க வச்சுப் பாத்ததுல முக்கால்வாசி மருந்து கேக்கல. மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கெடந்தவங்ககிட்டதான் இவ்வளவு பழகின கிருமியப் பாத்திருக்கேன். இவர் எந்த ஆஸ்பத்திரியில இருந்தார்?"

"ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லைங்க" என்றார் தமிழரசி அக்கா.

"ரெண்டு போதும், மூணாவது போட்டா ஒடம்பு பழகிரும்னு சொல்லித்தான் பஸ்ஸுல எல்லாருக்கும் மாத்திரை குடுப்பாருங்க" என்றேன் நான்.

"பழகினது ஒடம்பு இல்ல டீச்சர். கிருமி. ரெண்டோட நிறுத்துறப்ப பலமில்லாதது சாகும், பலமானது தப்பிச்சுக்கும். அதுக்கப்புறம் அந்த மருந்தைக் கண்டா பயப்படாது. ஆனா ஒரு மருந்து ரெண்டு மருந்துன்னா புரியுது. இத்தனை மருந்து இவர் ஒடம்புக்குள்ள எப்படிப் போச்சு? இவர்தான் மத்தவங்களுக்குக் குடுக்கிறவராச்சே?"

தமிழரசி அக்கா முதல்முறையாகக் கதவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சும்மா தூக்கி யாருக்கும் குடுக்க மாட்டாருங்க. எவரு கொண்டாந்த மாத்திரையா இருந்தாலும் மொதல்ல தான் ஒண்ணு முழுங்கிப் பாப்பாரு. 'ஊரான் பெத்த பிள்ளைக முழுங்கப் போகுது. கெட்டுப்போனதா இருந்தா அதுகளுக்கா ஆகணும்? எனக்கு ஆகட்டும்'னு சொல்லுவாரு. பஸ்ஸுல ஏறுற அத்தனை பேருக்காகவும் முழுங்குனாருங்க."

நமணசமுத்திரம் ஸ்டாப்பும் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலும் என் கண் முன்னால் வந்தன. நாங்கள் கொட்டிய உச்சுக்களும் ஞாபகம் வந்தன. என் தொண்டை மாத்திரையிலும் ஒன்று அவர் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. நான் அழுதுவிட்டேன், டாக்டர் முன்னால், வெட்கமில்லாமல்.

கேட்கக்கூடிய மருந்து ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டும். "அதுவும் கேக்கலைன்னா?" என்றார் செபஸ்தியான் அண்ணன்.

"கேக்கணும்" என்றார் டாக்டர்.

டாக்டர் செபஸ்தியான் அண்ணனின் முழங்கைக் கட்டைப் பார்த்து, அது எப்படி வந்தது என்று விசாரித்தார். "ஒரே துண்டுதாங்க. அவரு மொகம் தொடைப்பாரு, நான் ஸ்டியரிங்கும் கையும் தொடைப்பேன்" என்றார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆளுக்கொரு துண்டு வாங்கக்கூடாதா?" செபஸ்தியான் அண்ணன் அப்போதே கடைக்கு ஓடி, ஒரு டஜன் துண்டு வாங்கி வந்து தமிழரசி அக்காவிடம் கொடுத்தார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த இரண்டு நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பஸ் ஜனம் வந்து வந்து போனது. பத்திரப் பதிவுக்காரர் இளநீரோடு வந்தார். ஆத்தா கத்தரிக்காயோடு வந்தார். எல்லோரும் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். நர்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு நானும் தமிழரசி அக்காவும் வாசல்படியில் நிற்கிறோம். உள்ளேயிருந்து கிணற்றுக்குள் இருந்து வருவது போல ஒரு குரல்.

"எத்தனை பாட்டிலு சிஸ்டர் ஏத்தியிருக்கு?"

நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். "நெறைய ஏத்தியாச்சு. பேசாதீங்க."

"ரெண்டு போதும் சிஸ்டர். மிச்சத்த எடுத்து வையுங்க, யாருக்காச்சும் ஆகும்."

தமிழரசி அக்கா அப்போதுதான் அழுதார். பின்னாலேயே வந்து நின்ற டாக்டர், "ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டேன்!" என்று அதட்டினார். அந்த அதட்டலில் அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தோளில் ஒரு பள்ளத்தோடு அண்ணன் திரும்பி வந்தார். இப்போது பையை வலது தோளில் மாட்டுகிறார். பின்னறையில் ஒரு சோப்புக்கட்டியும் அவருக்கென்று ஒரு துண்டும் மட்டும் இருக்கின்றன. ஆனால் முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டார். யாராவது இருமினால், "டாக்டர்கிட்ட காட்டியாச்சா? குடுத்தத முழுசாப் போட்டியா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி விசாரிக்கிறார். பழைய ஞாபகத்தில் மாத்திரை கேட்ட ஒருவரை ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் விசில் அடித்து இறக்கிவிட்டார். அவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தவர். ஜனம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறது.

போன மாதம் என் காலில் ஆணி குத்தி, டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கேப்சூல் அண்ணனிடமிருந்து போன் வருகிறது.

"சாப்பிட்டாச்சா டீச்சர்?"

"சாப்பிட்டேன்ண்ணே."

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டுட்டேன்."

"இன்னும் இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே."

"நிறுத்திராதீங்க. நாளைக்கும் கூப்பிடுறேன்."

மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.