ஆர்ர பங்சன்?

திருகோணமலை நகரத்தில் ஆளை வழிமறிக்கும் உயிரினங்கள் இரண்டு. ஒன்று மான். கடைத்தெருவில் குறுக்கே நிற்கும்; வாழைப்பழத் தோலைக் காட்டினால் விலகிவிடும். மற்றது திருத்தி. அதற்குத் தோல் போதாது. உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் பிழையாக விழ வேண்டும். விழுந்ததோ, கவ்விக்கொள்ளும்.

திருத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊர்வலத்தில் கோஷம் போடாது. பதாகையில் ஒற்று விட்டுப்போச்சு என்று முன்வரிசையை நிறுத்திவைக்கும். வீடு எரிகிறது என்று கத்தினால் வாளியைத் தேடாது. "வீடில்லை, கூரை" என்று சொல்லிவிட்டு, சொன்ன சந்தோசத்தில் அங்கேயே நிற்கும்.

இந்த இனத்தில் நன்றாகக் கொழுத்த ஒன்று அன்புவழிபுரத்து விதுசன். துறைமுக வீதியில் வலைக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று கதிரை. அங்கேயிருந்து அவனும் ஜெயரூபியும் புரோகிராம் எழுதினார்கள். ஜெயரூபி எழுதினாள் என்றும், விதுசன் திருத்தினான் என்றும் சொன்னால் இன்னும் பொருந்தும்.

அவனுடைய உயிர் இரண்டு சொல்லில் தொங்கியது: பங்சன், மெதட். கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்து, அதற்கு ஒரு பெயரும் வைக்கிறோம் அல்லவா? அந்த வேலை எவருக்கும் சொந்தமில்லாமல் தனியே நின்றால் பங்சன். ஒரு பொருளுக்குச் சொந்தமாக, அதோடு ஒட்டிக்கொண்டு நின்றால் மெதட். இவ்வளவுதான் விசயம். இதற்காக விதுசன் இரண்டு நண்பர்களையும் ஒரு பெண்பார்க்கும் படலத்தையும் இழந்திருந்தான்.

அந்த மாதம் அவனுக்கு வாழ்வா சாவா என்றிருந்தது. புறாத்தீவுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றும் நிலாவெளிப் படகுச் சங்கம், ஆசனம் பதிய ஒரு புரோகிராம் கேட்டிருந்தது. பிடித்தால் வேலை இவர்களுக்கு. பிடிக்காவிட்டால் மாடி அறையைப் பூட்டிவிட்டு, இருவரும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் பார்க்க வருவதற்கு முதல்நாள் ஜெயரூபி சொன்னாள்: "விதுசன் அண்ணா, அந்த கான்சல் பங்சன் ஆர்ர போட் எண்டு கேக்குதில்லை."

விதுசனின் காதுக்குள் 'பங்சன்' மட்டும் போனது. யாருடைய படகு என்ற மிச்சம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"பங்சன் எண்டு சொல்லாதேங்கோ. கான்சல் போட்டுக்குச் சொந்தம். அது மெதட்."

"சொந்தமில்லை அண்ணா, அதுதானே சொல்லுறன்..."

"எத்தினை தரம் சொல்லிட்டன்!"

அன்று முழுக்க இருந்து, புரோகிராமுக்கான குறிப்புகளில் 'பங்சன்' என்றிருந்த நாற்பத்தொரு இடத்திலும் 'மெதட்' என்று மாற்றினான். புரோகிராமில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. தொடுவானேன்? சொல் சரியாகிவிட்டதே! கோயில் சுவருக்கு வெள்ளையடித்தவன் மாதிரி நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை தலைவர் ஸெய்னுதீன் வந்தார். ஆசனம் பதிந்து பார்த்தார், பதிந்தது. படகு மாற்றிப் பார்த்தார், மாறியது. பிளேன்ரீயை உறிஞ்சியபடி சிரித்தார்.

"நல்லாத்தான் இரிக்கி தம்பி. இப்ப ஒண்டு பாப்பம். வெள்ளிக்கிழம மகள்ட பங்சன். அண்டைக்கி என்ட போட்ட மட்டும் கான்சல் பண்ணுங்க."

விதுசனுக்கு நாக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தான். முடிகிற காரியமா?

"நானா, மகளின்ர எண்டால் அது பங்சன் இல்லை. மெதட்."

"என்னது?"

"ஆருக்கும் சொந்தமில்லாட்டி பங்சன். ஆருக்காவது சொந்தமெண்டால் மெதட்."

"மகள்ட மெதட்டா?" என்று ஸெய்னுதீன் ஜெயரூபியைப் பார்த்தார். ஜெயரூபி கூரையைப் பார்த்தாள். விதுசன் வெற்றிக் களிப்பில் தலைவரின் படகுக்குக் கான்சல் பொத்தானை அமத்தினான்.

சங்கத்தின் பத்தொன்பது படகும் ரத்து. புரோகிராமில் ஏற்கெனவே ஏற்றியிருந்த போன் நம்பர்களுக்கு, பத்தொன்பது சொந்தக்காரருக்கும் செய்தி போய்விட்டது.

தலைவரின் போன் அலறியது. காதில் வைக்கத் தேவையிருக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் குரல் வலைக்கடை வரைக்கும் கேட்டது.

"நானா! வெள்ளிக்கிழம கடல் பெருக்கா?"

வைத்ததும் அடுத்தது. "ஏன் நானா எல்லா போட்டும் நிப்பாட்டின? மாப்பிள்ள கடலாலயா வாறாரு?"

மூன்றாவது படகுக்காரர் ஜவாஹிர், அழாக்குறையாக: "மகள்ட கலியாணத்துக்கு என்ட போட் வேணுமெண்டா வாயால கேட்டிருந்தா தந்திருப்பனே நானா!"

ஸெய்னுதீன் போனை அணைத்தார். கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் விதுசனின் மண்டைக்குள் கேட்டது.

"தம்பி," என்றார் மெதுவாக. "ஆர்ட போட் எண்டு கேக்காம வேல செய்யிது. அப்ப நீங்க சொன்ன கணக்குக்கு, இது பங்சன்தானே?"

நாற்பத்தொரு இடமும் விதுசனின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன.

"ஓம் நானா."

"சரி. இப்ப இந்தப் பிழ இரிக்கே, அது பங்சனா மெதட்டா?"

விதுசன் ஜெயரூபியைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்?

"மெதட், நானா. என்ர பிழை. இவ நேத்தே சொன்னவ. நான் கேக்கேல்லை."

ஸெய்னுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். கோப்பையில் மிச்சமிருந்த பிளேன்ரீ மேசையில் சிந்தியது. "சொந்தக்காரன் இல்லாத பிழையத்தான் மனே நாங்க சங்கத்தில முப்பது வருசமா பாக்குறம். புதன்கிழமைக்குள்ள சரியாக்குங்க. இவ சொல்லுறதக் கேட்டு ஆக்குங்க." வாசலில் நின்று திரும்பினார். "ரெண்டு பேரும் வெள்ளிக்கிழம பங்சனுக்கு வரணும்."

விதுசனின் வாய் திறந்தது. மேசைக்குக் கீழே ஜெயரூபி அவன் காலை மிதித்தாள்.

"ஓம் நானா," என்றான், கண்ணில் நீர் முட்ட. "பங்சனுக்கு வாறம்."

இனி உங்களிடம் வருவோம். சில கம்ப்யூட்டர் மொழிகளில் பங்சன் என்று ஒன்றே கிடையாதே, எல்லாம் மெதட்தானே என்று நடுவிலேயே பென்சிலைத் தேடினீர்களா? இதில் ஒற்றுப்பிழை எத்தனை என்று எண்ணி வைத்திருக்கிறீர்களா? நல்லது. பென்சிலை வைத்துவிட்டு முதலில் போனைப் பாருங்கள். உங்கள் படகு ரத்தாகிக் கொஞ்ச நேரமாகிறது.