சிரிப்புப் பெரட்டு

ரப்பர் மரத்தில் பால் குறைந்தால் ஏன் என்று கேட்க ஆபீஸ் உண்டு. பிள்ளைக்குச் சிரிப்பு குறைந்தால் கேட்க நாதியில்லை. இந்தப் பெருங்குறை முப்பத்தாறாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை நீங்கியது. மலாக்காவிலிருந்து கடுதாசி வந்தது: ‘தோட்டத்துப் பிள்ளைகளின் மனத்துயரை அறியவும், தணிக்கவும், தணித்த விவரத்தை மூன்று பிரதியில் அனுப்பவும்.’

ஜாசின் டவுனுக்கு ஆறு கல் தள்ளி எங்கள் தோட்டம். துரை கடுதாசியைப் படித்தார், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி சிற்றம்பலத்திடம் கொடுத்தார். துரை படிப்பதும் கிராணி செய்வதும்தானே தோட்டம்.

சிற்றம்பலம் யாழ்ப்பாணத்து மனுஷர். சர்க்கார் கடுதாசி என்றால் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். துயரம் எப்படி இருக்கும் என்று அதில் போட்டிருக்கவில்லை. சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று ஆயாக் கொட்டகைக்கு நடந்தார். தாய்மார் பால் வெட்டப் போனபின் பிள்ளைகள் கிடக்கிற இடம் அது. ஆயா குஞ்சம்மா ஒரு கையால் தொட்டிலை ஆட்டி, மறு கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆயா, இஞ்ச துயரப்படுற பிள்ளையள் எத்தினை பேர்?”

“இருட்டோட ஆத்தாள இழுத்துட்டுப் போயிடுறீங்க. முழிச்சுப் பாத்தா பக்கத்துல யாருமில்ல. எல்லாந்தான் ஐயா அழுவுது.”

“எல்லாம் எண்டு எழுத ஏலாது. கட்டத்தில நம்பர் போடோணும்.”

“அப்ப ஆத்தாளுங்கள ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க. நம்பர் தானா இறங்கும்.”

“பால் இறங்காதே!”

அதுவும் நியாயம்தான். வெயில் ஏறினால் மரம் பாலை நிறுத்திவிடும். பிள்ளை அப்படியா? எந்த வெயிலிலும் அழும்.

ஆகவே தாய்மாரைத் தொந்தரவு செய்யாமல் துயரத்தைத் தணிப்பது என்று தீர்மானமாயிற்று. எங்கள் தோட்டத்தில் எந்தக் காரியமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை நின்று, பேர் கொடுத்துத்தான் தொடங்கும். துயரத்துக்கு மட்டும் வேறு சட்டமா? தினம் ஒன்பது மணிக்குப் பிள்ளைப் பெரட்டு. கங்காணி முனியாண்டி பேர் கூப்பிடுவார், பிள்ளை சிரிக்க வேண்டும். சிரித்தால் கிராணி ஒரு கோடு போடுவார். சிரிக்காவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொர்னேலியஸ் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றுவார்.

“அது வயித்துக்கெல்லோ டிரசர்?” என்றார் கிராணி.

“வயிறு லேசானா மனசும் லேசாகும் ஐயா. ரெண்டும் பக்கத்து வீடுதானே.”

அன்று கிராணி வீட்டில் அவர் சம்சாரம் சந்திராதேவி மெல்லத் தொடங்கினாள். “இஞ்சாருங்கோ, எங்கட பிள்ளை எட்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை, கதைக்கவும் இல்லை. சுவரைப் பாத்துக்கொண்டே இருக்குது.”

பிள்ளை என்றால் பராசக்தி, ஆறு வயது, ஒரே மகள். எட்டு நாளைக்கு முன்னால் அவள் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில், பால்வெட்டு மைக்கேலின் மகள் ஜெயமேரியோடு ஒரே தட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்றதைக் கிராணி பார்த்துவிட்டார். கிராணி வீட்டுப் பிள்ளை இனி லயத்துப் பக்கம் போகப்படாது என்று உத்தரவு போட்டார். வாயால் போட்ட உத்தரவு. கடுதாசியில் இல்லாததால் அவருக்கு ஞாபகமும் இல்லை.

“ஜெயமேரியோட விளையாட விடுவமே?”

“நீர் சும்மா இரும். வயித்தில பூச்சியாக்கும். நாளைக்குப் பெரட்டில நிப்பாட்டுவம்.”

லயத்துக்குத்தான் போகக்கூடாது. பெரட்டு சர்க்கார் காரியம், போகலாம்.

மறுநாள் வரிசையில் எண்ணெய்க்குப் பயந்து எல்லாப் பிள்ளையும் பல்லைக் காட்டியது.

“ஜெயமேரி!”

“ஹிஹி.”

“பராசக்தி!”

சத்தமில்லை. கொர்னேலியஸ் கரண்டியைத் தூக்கினார். பெரிய கிராணி மகளே கட்டத்தில் கறுப்புப் புள்ளியா? சிற்றம்பலம் குனிந்து, “இப்பிடிப் பிள்ளை, இப்பிடி” என்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பிள்ளையின் உதடு பிதுங்கியது.

ஜெயமேரி வரிசையை விட்டு ஓடி வந்தாள். “அவளுக்கு ஊத்தாதீங்க. எனக்கு ஊத்துங்க!” சொல்லிக்கொண்டே கரண்டியைப் பிடித்து இழுத்து ஒரே மடக்கில் விழுங்கிவிட்டாள். அவள் முகம் கோணி, கண் சொருகி, பல் வெளியே வந்து, கிராணி ஐயா காட்டிய அதே சிரிப்பாகி நின்றது.

பராசக்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். ஜெயமேரியும் பக்கத்தில் விழுந்தாள். கிராணிக்குக் கண் கலங்கியது. அதற்குக் கட்டம் இல்லாததால் துடைத்துக்கொண்டார்.

மூன்று பிரதியிலும் முத்து முத்தாக எழுதினார்: ‘துயரம்: இல்லை. மருந்து: விளக்கெண்ணெய். ஒருவர் குடித்தால் மற்றவருக்குக் குணமாகிறது.’

வீட்டில் சந்திராதேவியிடம், “பிள்ளைக்குச் சுகம். இனிப் பெரட்டுக்கு அனுப்பத் தேவையில்லை” என்றார்.

மலாக்காவிலிருந்து பாராட்டு வந்தது. கங்காணி அதை எங்கள் விடிகாலைப் பெரட்டில் உரக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். குஞ்சம்மா மட்டும் தட்டவில்லை. அவள் இடுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கிராணி வீட்டுக்குள் நுழைந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பராசக்தி எழுந்து விறைப்பாக நின்றாள். “பராசக்தி!” என்று தன் பேரைத் தானே கூப்பிட்டாள். “ஹிஹி” என்றாள். பிறகு, அடுத்து ஜெயமேரி பேரை எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிற்றம்பலம் பூரித்துப்போய்ப் பெரட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார்.

அவரைச் சொல்லி என்ன? அதே நேரம் லயத்தில், வேலை விட்டு வந்த நாங்களும் கால் கழுவும் முன்னே வாசலில் நின்று அவரவர் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பிள்ளைகளும் நன்றாகவே சிரித்தன.