சகலை பிடித்த இடம்

"மாப்ளே, பெட்டி மறுபடியும் படுத்துருச்சா?"

மாமனார் கேட்டபடியே லாரி ஆபீஸுக்குள் வந்தார். எந்த லாரி எங்கே இறக்கவேண்டும் என்ற லோடு பட்டியல் முழுக்க அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். அதைக் கட்டி மேய்ப்பது மூத்த மருமகன்.

"மெமரி நிரம்பிருச்சு மாமா. சரி பண்ணிடறேன்."

"சின்னவரைக் கூப்பிடவா? அவர் கை பட்டா ஓடுது."

மூத்தவருக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த சகலை அவன். சாயங்காலம் ஆபீஸ் சாவியும் பொறுப்பும் இனி யாருக்கு என்று மாமனார் சொல்லப்போகிறார்.

"நான் எதுக்கு இருக்கேன் மாமா?"

சரக்கு ஷெட் நிறைந்தால் மூட்டையை வெளியே அடுக்குவதில்லையா, அப்படி மெமரியில் கொள்ளாததை ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப். லினக்ஸ் பெட்டி அது. டிஸ்கை லாஜிக்கல் வால்யூம் என்று தடுப்பு தடுப்பாகப் பிரித்திருந்தார்கள். மூத்தவர் ஸ்வாப் தடுப்பை இழுத்துப் பெரிதாக்கப் பார்த்தார். காலி இடம் துளியும் இல்லை.

காரணம் கண்ணில் பட்டது. 'சின்னவர்' என்ற பேரில் ஒரு பெரிய தடுப்பு.

"இங்கயும் வேலி போட்டுட்டானா?"

உள்ளே என்ன என்று எட்டிப் பார்க்கவும் மனசில்லை. அழித்தார்.

அந்த இடத்தைச் சேர்க்க ஓடுகிற ஸ்வாப்பை நிறுத்தினார். வெளியே அடுக்கிய மூட்டை அத்தனையும் நிறைந்த ஷெட்டுக்குள்ளேயே வந்து விழுந்த கதையாயிற்று. மௌஸ் அசையவில்லை. பொறுத்துப் பார்த்தார். பிறகு லோடு பட்டியல் திறந்து கிடக்கையிலேயே சுவிட்சை அணைத்தார்.

மறுபடி போட்டபோது ஸ்வாப் ஜம்மென்று விரிந்தது. லோடு பட்டியலைத் திறந்தார். வெறும் குப்பை. வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன. மாமனார் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

டீ கொண்டுவந்த மச்சினி, சின்னவர் பெண்டாட்டி, மூத்தவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி?"

"உன் வீட்டுக்காரன் வளைச்சுப்போட்ட தடுப்பைத் தூக்கினேன். அதுலேருந்து பட்டியலே போச்சு."

அவள் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"உங்க பட்டியல் கெட்டா எடுத்துக்கலாம்னு அதோட நகலைத்தான் தினம் அந்தத் தடுப்புல போட்டு வெச்சாரு அத்தான். தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னு தன் பேரை ஒட்டிட்டாரு."