மைக்கில் நான் சொன்ன மரவள்ளிக் கருத்து

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடங்கள் யோசித்தேன். பேனையை எடுப்பேன், பிள்ளையார் படத்தைப் பார்ப்பேன், பேனையை வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை. விடியற்காலையில் கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அப்படிப்பட்டவன் ஒரு ஜேர்மன் கஞ்சாப் படத்தைப் பற்றி மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கருத்துச் சொன்னான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இனியும் நான் எழுதாவிட்டால் என் மச்சான் எழுதிவிடுவார். (அவர் சொல்லும் கதையில் நான் ஏற்கனவே இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டேன்.)

அப்போது என் மகள் மதுராவுக்குச் சாம்பல்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, மகளுக்கும் பிடித்துவிட்டது. தகப்பன்தான் கண்டம். பரமசிவம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. "சீதனக் கதையே வேண்டாம். குடி, வெறி, புகை இல்லாத வீடு எண்டால் சரி," என்று சொன்னவர், மூன்று மாதமாக எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். கோயிலில் விசாரித்தார். துறைமுகத்தில் விசாரித்தார். நான் தலைமயிர் வெட்டுகிற இடத்திலும் விசாரித்தார். முடிவு மட்டும் வரவில்லை. மகள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பத் தொடங்கியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வீதியில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். வெளிநாட்டுப் படங்கள், அனுமதி இலவசம். படத்தில் ஒரு கண்ணாடி வீடு, உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள், நடுவில் பூவாளியோடு இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள். விவசாயப் படம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

"மாஸ்டர் வீட்டாக்களையும் கூப்பிடுவமே அப்பா," என்றாள் மனைவி. "எங்களையும் உலகம் தெரிஞ்ச ஆக்கள் எண்டு நினைப்பினம்."

"ஓம், அதுவும் தோட்டப் படம். அவருக்கு நல்லாப் பிடிக்கும்," என்றேன்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் இருந்தோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் மாஸ்டர். படம் ஜேர்மன், கீழே எழுத்து ஆங்கிலம். முதல் சொல்லை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி ஓடிவிடும். அதனால் எழுத்தை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தேன். கண்ணால் பார்த்தவரைக்கும் மிகவும் பக்தியான படம்.

இரண்டு பொடியன்களும் தொட்டியில் மரவள்ளி வளர்த்தார்கள். விரல் விரலாக விரிந்த இலை, எனக்கு மரவள்ளி தெரியாதா? பிறகு அறையில் வட்டமாக இருந்து புகை போட்டார்கள். சாம்பிராணி. கண்ணை மூடினார்கள், முகத்தில் ஒரு சாந்தம். கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜைத் திறந்து இருந்ததெல்லாவற்றையும் அள்ளிச் சாப்பிட்டார்கள். பாவம், நாள் முழுக்க விரதம் போல என்று என் மனம் உருகியது. கடைசியில் பிடிக்க வந்த பொலிஸ்காரர்கூட அவர்கள் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். மனம் திருந்திவிட்டார்.

சனம் சிரித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அடிக்கடி திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். நல்ல படத்துக்குக் கூட்டிவந்ததற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து நானும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன்.

படம் முடிந்ததும் ஒரு பிள்ளை எல்லோருக்கும் கருத்து எழுத ஒரு அட்டை தந்தாள். பிறகு மைக்கைக் கொண்டுவந்தாள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் எழுந்து, இப்படியான படங்கள் இளம் ஆட்களைக் கெடுக்கும் என்றார். ஒரு பெண்பிள்ளை, "பகிடியைப் பகிடியாப் பாருங்கோ. முட்டாள்தனத்தைத்தான் நக்கல் பண்ணியிருக்கினம்," என்றாள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் அண்ணன், "நான் வயிறு நோகச் சிரிச்சன், பொய் சொல்லேலாது. ஆனா புள்ளையளோட இருந்து பாக்கேலாது," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரவள்ளி நடுவதைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்தால் என்ன?

மாஸ்டருக்கு முன்னால் என் ஒழுக்கத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று பட்டது. கையைத் தூக்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் காலத்துப் பொடியள் ஃபோனும் கையுமா இருக்கேக்க, இந்த ரெண்டு பேரும் செடியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவை. சாம்பிராணி போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு, பிறகுதான் சாப்பிட்டவை. எங்கட ஆக்களே இப்பிடி விரதம் பிடிக்கிறேல்லை. ஒரே ஒரு குறை. மரவள்ளியில இலையை இப்பிடிப் பிடுங்கினால் கிழங்கு வைக்காது. தொட்டியும் காணாது. நிலத்தில நட்டு மாட்டெரு போட வேணும். ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, எங்கட கோயில் நந்தவனத்தில இடம் இருக்கு, நானே நட்டுத் தாறன்."

மைக்கைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு கூரை பிய்ந்துவிடும் போலச் சிரிப்பு. கிண்ணியாக் காக்கா எழுந்து நின்று, "அண்ணன், அத நட்டா தண்ணி ஊத்தப் பொலிஸ்தான் வரும்," என்றார்.

மைக்கோடு நின்ற பிள்ளை மெதுவாகத்தான் சொன்னாள். மைக்தான் மெதுவாகச் சொல்லவில்லை. "ஐயா, அது மரவள்ளி இல்லை. கஞ்சா."

கஞ்சா என்ற சொல் எனக்குத் தெரியும். பேப்பரில் பொலிஸ் பிடித்த படமும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் எப்போதும் பார்சலைத்தானே காட்டுகிறார்கள், செடியை எங்கே காட்டினார்கள்? மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் தரையைப் பார்த்தாள். குடி, வெறி, புகை இல்லாத வீடு தேடிய மனிதரை நான் கூட்டிக்கொண்டுவந்த இடத்தை நினைத்தேன். பிள்ளையாரே, என் பிள்ளையின் கலியாணத்தை நானே குழப்பிவிட்டேன்.

வெளியே வந்தோம். கடல் காற்று அடித்தது. மாஸ்டர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாராக்கும் என்று கிட்டப் போனேன்.

சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"படம் துவங்கின கையோட எழும்பிப் போகத்தான் இருந்தனான்," என்றார். "பொம்பிளைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு இதுக்குக் கூட்டி வந்திருக்கிறானே, இவன் என்ன மனுசன் எண்டு நினைச்சன். மூண்டு மாதமா விசாரிச்சனான். எல்லாரும் நல்ல ஆள் எண்டுதான் சொன்னவை. எனக்கு நம்பிக்கை வரேல்லை. இண்டைக்கு வந்திட்டுது."

"மாஸ்டர், நான் தெரியாமல்..."

"அதைத்தானே சொல்லுறன். கஞ்சாவுக்கு மாட்டெரு போடச் சொன்ன வீட்டில பொம்பிளை எடுக்க எனக்கு என்ன பயம்? கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ, சம்மந்தி."

அவர் என்னைச் சம்மந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மகள் அன்றிரவு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த ஆவணியில் கலியாணம். பந்தியில் மாஸ்டரே சொல்லிச் சமைப்பித்த மரவள்ளிக்கிழங்குக் கறி இருந்தது. நான் அன்று "மாட்டெரு போதாது" என்று எழுதிய கருத்து அட்டையை அவர் எப்படியோ கேட்டு வாங்கியிருக்கிறார். அது கலியாண அல்பத்தின் முதல் பக்கத்தில், மணமக்கள் படத்துக்கும் முன்னால் இருக்கிறது. இப்போதும் நான் நந்தவனத்துக்குப் புறப்பட்டால் தொலைபேசியில் கேட்பார்: "சம்மந்தி, இண்டைக்கு எந்தச் செடிக்குத் தண்ணி?"

இதை நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், எனக்குச் சந்தோசம்தான். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். திரையில் செடி வந்தபோது நான் எழுந்து கும்பிட்டதாக மச்சான் சொல்லித் திரிகிறார். கும்பிடவில்லை. கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன்.